ஆணி அடிக்கக் கூடாது

பதினொரு வீடு மாறியவள் நான்.
பன்னிரண்டாவதற்கு
என் பெயரில் வரி ரசீது வந்தது.
காலாப்பட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு,
மாடியில் ரெண்டு ரூம், ஒரு ஹால்,
வங்கிக்கு மாதம் பதினாலாயிரத்து இருநூறு.
அதைக் கட்டத்தான்
கேட்டில் அட்டை தொங்கியது: டூலெட்.
எழுத்து கோணல்.
மார்க்கர் பாதியில் காய்ந்துவிட்டது.

மூன்று பேர் வந்தார்கள், ஒரே பைக்கில்.
மாஹேக்காரன் ஷிமில்,
ஏனாம் துர்காபிரசாத்,
காரைக்கால் நவாசுதீன்.
நாலு துண்டாகக் கிடக்கிற எங்கள் மாநிலம்
ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருந்தது,
நாலாவது துண்டு நான்
கேட்டைப் பிடித்துக்கொண்டு.

படிப்பு கேட்டேன். அப்பாவுக்கு என்ன வேலை கேட்டேன்.
"நான்வெஜ் சமைப்பீங்களா?"
அதையும் கேட்டேன்,
என் முதுகுக்குப் பின்னால்
சங்கராக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க.
பதினொரு வாசலில் என்னைக் கேட்ட கேள்வி
என் நாக்கிலேயே குடியிருந்திருக்கிறது,
வாடகை தராமல்.
ஷிமில் சிரிக்காமல் சொன்னான்:
"உங்களுக்கும் தரோம் ஆன்ட்டி."

பத்து மணிக்குக் கேட் பூட்டிவிடும்.
மோட்டார் நான்தான் போடுவேன்.
பாட்டில் கூடாது
என்றபோது தெருமுனை ஒயின்ஷாப் போர்டு
என் தோளுக்கு மேல் பளிச்சென்று எரிந்தது.
அதைப் பார்க்காமலிருக்க மூவரும் பாடுபட்டார்கள்.
கடைசியாக,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

மின்துறையில் எனக்கு ரீடிங் எடுக்கும் வேலை.
இருபத்திரண்டு வருடம்
ஊரார் மீட்டருக்குக் குனிந்த கழுத்து
இப்போது என் படிக்கட்டுக்கு அடியில்
சப்மீட்டருக்குக் குனிகிறது.
யூனிட் எட்டு ரூபாய் என்று சொல்லியிருந்தேன்.
எனக்கு எவ்வளவு விழுகிறது என்று
என்னைவிடத் தெரிந்தவர் யார் இந்தத் தெருவில்?
எட்டை ஆறாக்க
மூன்று மாதமும் ஒரு காய்ச்சலும் ஆனது.
காய்ச்சல் துர்காபிரசாத்துக்கு.
ஜிப்மர் வராந்தாவில் நான் போனைப் பிடித்திருக்க
ஏனாமிலிருந்து அவன் அம்மா தெலுங்கில் அழுதாள்.
"அம்மா" மட்டும்தான் புரிந்தது.
யாரை என்று புரிய நேரமாயிற்று.

ஆனாலும் ஐந்தாம் தேதி
படியில் என் செருப்புச் சத்தம் ஏறினால்
மேலே பாட்டு சட்டென்று நிற்கும்.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டிலும் டிவியை
அப்படித்தான் அணைப்போம்,
குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு.

இரண்டாம் வருடம் மே மாதம் காலி செய்தார்கள்.
அட்வான்ஸ் திருப்பித் தருமுன்
டார்ச்சோடு சுவர் பார்க்கப் போனேன்,
ஓனர்கள் போவதுபோலவே.
எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒழுங்கு.
விரலால் தடவிக்கொண்டே போனதில்
ஓரிடம் மட்டும் மாவாக உதிர்ந்தது.
முகர்ந்து பார்த்தேன்.
பேஸ்ட்.

ஏழு ஓட்டை.
ஒன்றில் அவசரத்தில்
நீலக்கோடு போட்ட பேஸ்டையே அப்பியிருந்தார்கள்.

முத்தியால்பேட்டையில், ஆறாவது வீட்டில்,
கல்யாணப் போட்டோ மாட்டிய ஆணியைப் பிடுங்கிவிட்டு
காலி செய்த விடியற்காலை
நானும் இருந்த பேஸ்டையெல்லாம்
சுவருக்குத்தான் கொடுத்தேன்.
அன்று நாங்கள் உப்பில் பல் விளக்கினோம்.
அந்த ஓனருக்கும் மூக்கு இருந்தது.
ஓட்டைக்கு நூறு பிடித்தார்.

கீழே பைக் பக்கத்தில்
நிற்கத் தெரியாமல் நின்றார்கள்.
"சுவர் ஓகேவா ஆன்ட்டி?"
ஏழு. எழுநூறு.
நான் நினைக்குமுன்
உள்ளே யாரோ கணக்கை முடித்துவிட்டார்கள்.

"சுவர் நல்லா பல் விளக்கியிருக்கு" என்றேன்.
நவாசுதீன் தரையைப் பார்த்தான்.
ஷிமிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது,
பிறகு எனக்கு.

இருநூறு பிடித்துக்கொண்டேன்.
பெயின்ட் விலை அப்படி.